மாடிக்குத் தண்ணீர் விட்டதாகச் சொன்ன பொய்

ஒரகடம் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான். "இந்த வெயிலுக்கு ஒரு விசிறி பின்னினாலும் அர்த்தம் இருக்கு" என்பார் என் கணவர். எத்தனை முறை விளக்கியிருப்பேன் அந்த மனுஷனுக்கு! நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் அறையில். வருஷம் முழுக்க அங்கே இருபது டிகிரி. இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும், அளவு தப்பிவிடக் கூடாது என்று மெஷினுக்காக வைத்த குளிர் அது. மனுஷிக்கு என்ன ஆகும் என்று யார் பார்த்தார்கள்? எட்டு மணி நேரம் நின்றால் விரல் மரத்துவிடும். சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் உச்சந்தலை வெந்துவிடும். அங்கே இருக்கும் ஏழு பெண்களும் கம்பெனிக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்வது நான் பின்னிய கையில்லாத ஸ்வெட்டர்தான்.

பின்னலைக் கற்றது கல்லூரியில் படித்தபோது, சிஸ்டர்கள் நடத்திய விடுதியில். பிறகு கல்யாணம், பிள்ளை, ஷிப்ட் என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் ஊசியைத் தொடவில்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் வீடு திடீரென்று பெரியதாகிவிட்டது. நான் பரணிலிருந்து ஊசிகளை எடுத்தேன். அவர் டிரில்லிங் மெஷின் வாங்கினார்.

எங்கள் வீடு மண்ணூருக்கு உள்ளே தள்ளி, பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. ஒரே புரொமோட்டர் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே நோய். குடிவந்த இரண்டாம் வருஷமே கதவு உரசியது, மூன்றாம் வருஷம் ஓதம் ஏறியது. என் கணவர் வேறு ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். வாரம் ஆறு நாள் கம்பெனி மெஷினைச் சரிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சரிசெய்வார். பூசைக்குப் போய் வந்து வேட்டியை அவிழ்த்து அரைக்கால் சட்டைக்கு மாறினாரென்றால் அன்றைக்கு எங்கேயோ ஓட்டை விழப் போகிறது என்று அர்த்தம். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தார். ஒரு வேலை முடிந்தால் இரண்டு வேலை அதில் புதிதாகச் சேரும்.

எனக்கும் ஞாயிறுதான் பின்னும் நாள். ஆகவே நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மதியச் சாப்பாடு வரை நான் அவருக்கு எடுபிடி, அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுவரில் ஓட்டை போடுகிறவருக்கு மதியச் சாப்பாடு எப்போது என்று யார் சொல்வது? "ஏணியப் புடி", "டார்ச்ச அடி", "அந்த எட்டாம் நம்பர் ஸ்க்ரூவ எடு" என்று நாலு மணி வரை போகும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கண்ணி எண்ணுவேன். சமையலறை அலமாரி இன்றைக்கும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. "ரசமட்டத்த நேரா புடிக்கச் சொன்னேம்லா? குமிழு நடுவுல நிக்கான்னு பாத்தியா இல்லையா?" என்று கத்தினார். பார்க்கவில்லை. அப்போது கழுத்துக்கு எத்தனை கண்ணி குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்த அலமாரியைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

என் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் இருக்கும். "தோ வரேன், இந்த வரிசை முடியட்டும்." பின்னுகிறவர்களுக்குத் தெரியும், நடு வரிசையில் ஊசியைக் கீழே வைத்தால் கண்ணி நழுவும், கணக்கு மறந்துவிடும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வரிசை முடிந்ததும் கை தானாக அடுத்த வரிசையைத் தொடங்கிவிடும். அதுவும் உண்மைதான்.

போன வருஷம் மொட்டை மாடி ஒழுகத் தொடங்கியது. எங்கள் படுக்கையறைக் கூரையில் முதலில் ஒரு மஞ்சள் வட்டம், பிறகு சொட்டு. மாடி வேலையை நாமே செய்ய முடியாது என்று என் கணவரே ஒப்புக்கொண்டார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததற்கு நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். மேலே பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர் கசியாத மருந்து கலந்து புதிதாகத் தளம் போட வேண்டும். எங்கள் கோயிலுக்கு வருகிற கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டோம். பென்னலூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிறு பூசையில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்வார்கள். அதிகம் பேசாத மனுஷன். சுவரைத் தட்டிப் பார்ப்பார், அண்ணாந்து பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளிலும் மாடி ஒழுகியது. ஒரே புரொமோட்டர் கட்டியது, வேறெப்படி இருக்கும்? அந்த மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: உங்கள் மாடி எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு நாங்களும் அவரிடமே கொடுக்கிறோம். இது கொத்தனாருக்குத் தெரியும். வேலை தொடங்கிய அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்த நாலு மாடியும் கைல வந்துச்சின்னா, இந்தக் கோடைக்கு நான் வேல தேடிக்கினு மறைமலை நகரு, தாம்பரம்னு பஸ் ஏற வேணாம்கா. வூட்டாண்டயே இருந்துடுவேன்."

மூன்று நாள் வேலை. அவரும் ஓர் ஆளும் இரண்டு சித்தாள்களும். சனிக்கிழமை சாயங்காலம் முடித்தபோது தளம் பளிங்கு மாதிரி இருந்தது. மறுநாள் பூசை முடிந்து நேராக வந்து, தளத்தின் மேல் கலவையால் விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் தேக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் கணவரை இல்லை, என்னை. அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒன்றே காலுக்குத்தான் கம்பெனி பஸ். காலை முழுக்க வீட்டில் இருப்பவள் நான்தான்.

"காலைல ஒரு தபா, நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தபா ரொப்பிடுங்கக்கா. சாய்ந்தரம் சார் பாத்துக்கட்டும். ஏழு நாளு. ஈரம் காயவே கூடாது. நான் இன்னா போட்டாலும் அதுல உசுரு வர்றது உங்க தண்ணிலதான் கீது."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்பா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அதே வாரம்தான் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் ட்ரெயினிங்குக்காக வெளிநாடு போகிறாள். சனிக்கிழமை விமானம். அங்கே பனி என்று பயந்துகொண்டிருந்தாள். முழுக்கை வைத்த ஸ்வெட்டர் ஒன்று பின்னித் தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். கருநீல உல்லன், முன்புறம் கயிறு முறுக்கினாற்போல இரண்டு பட்டை. முதுகும் முன்புறமும் முடிந்துவிட்டது, கை இரண்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை ஷிப்டில் கொடுத்தாக வேண்டும்.

திங்கட்கிழமை ஒழுங்காகத்தான் செய்தேன். ஹோஸைப் பிடித்துக்கொண்டு வெளிப்படியில் ஏறிப் பாத்தி பாத்தியாக நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசியை எடுத்தேன். வலது கை. பத்துக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். பத்தேகாலுக்கு, இந்த வரிசை முடியட்டும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணி பன்னிரண்டே முக்கால். சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மேலே போகவே இல்லை. ஒரு வேளைதானே, சாயங்காலம் அவர் விடுவார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமையும். கூசாமல் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் என் கால் மாடிப்படியில் படவில்லை. சித்திரை வெயில் அது. வாசலில் காயப்போட்ட துணி அரை மணியில் அப்பளமாகும் வெயில்.

புதன்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த என் கணவர் எனக்குப் போன் செய்தார். "என்னட்டி, மாடி வெளுத்துப் போய்க் கெடக்கு? தண்ணி விட்டியா இல்லையா?"

"விட்டுட்டுத்தான் வந்தேன். இந்த வெயில்ல எங்க நிக்குது? குடிச்சிடுது."

"ஆமா, அதுவுஞ் சரிதாம்" என்றார். உடனே நம்பிவிட்டார். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை என்பதால் வந்த நம்பிக்கை அது. அதைத்தான் செலவழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது கையையும் சேர்த்து முடித்துவிட்டு மாடிக்கு ஓடி, அன்றைக்கும் மறுநாளும் ஆறு போலத் தண்ணீர் விட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்த அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடையில் வாங்கினால்கூட இப்படி வராதுக்கா என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து கோடை மழை ஒன்று அடித்தது. ஒரே ஒரு ராத்திரி. விடிந்து பார்த்தால் படுக்கையறைக் கூரையில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய வட்டம். என் கணவர் மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். தளம் முழுக்க முடி முடியாக விரிசல். கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. அவர் ஸ்பேனரால் அங்கங்கே தட்டினார். சில இடங்களில் காலிப் பானையைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தது.

"அவம் சிமெண்ட்டுல கை வச்சிருக்காம், பாத்துக்க" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். தளத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். அந்த மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு என் கணவரிடம் கேட்டார்: "சார், தண்ணி நல்லா வுட்டீங்களா?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொத்தனாரும் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம்தான் என் கையில் இருந்தது. இல்லைப்பா, மூன்று நாள் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் கணவர் கத்தியிருப்பார். ஊசியைத் தூக்கிக் குப்பையில் போடு என்றிருப்பார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதானே? அந்த அற்ப ஏச்சுக்குப் பயந்து நான் சொன்னேன்: "மூணு வேளையும் விட்டோமே. ஒரு நாள்கூடத் தவறல." என் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

கொத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். "கலவ சரியாத்தான் சார் போட்டேன். மூட்டைகூட நீங்க வாங்கியாந்ததுதான்" என்று மட்டும் சொன்னார்.

"மூட்டைய வாங்கித் தந்தேம்லா. அதுல நீ எவ்வளவு கலந்தன்னு நானா பக்கத்துல நின்னு பாத்தேன்? நான் டூட்டிக்குப் போயிட்டேன். ஒரே கோயிலுக்குப் போற ஆளுன்னு நம்பி விட்டதுக்கு நல்லா செஞ்ச, போ!"

கொத்தனார் போய்விட்டார். செருப்பை மாட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்று மதியமே என் கணவர் விரிசலைப் படம் எடுத்து எங்கள் தெருக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார். இந்தக் கொத்தனாரை யாரும் கூப்பிட வேண்டாம், சிமெண்ட்டில் கை வைக்கிற ஆள் என்று எழுதினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் நல்லவேளை சொன்னீர்கள் என்று கைகூப்பிய படம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு பின்ன உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை. வெளிநாடு போன பெண் அந்தக் கருநீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, போன புதிதில் பனியில் நின்று எடுத்த படத்தை அனுப்பினாள். அளவறையில் எல்லோரும் வாங்கிப் பார்த்து, கை எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று வியந்தார்கள். எந்தக் கை எந்தக் கிழமை பின்னியது என்று எனக்கல்லவா தெரியும்? செவ்வாய், புதன், வியாழன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு தப்பினாலும் பாகத்தை ஒதுக்கிவைக்கிற வேலை என்னுடையது. சம்பளமே அதற்குத்தான்.

பாவசங்கீர்த்தனம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் சொன்னேன். பொய் சொன்னேன், அதனால் ஒருவருக்குக் கெட்ட பேர் வந்தது என்றேன். "அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ என்னிடம் சொன்னது பாதிதான்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பாமல் இது என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு அவ்வளவு கொழுப்பு!

மறுநாள் ஞாயிறு. அன்றைக்கு என் கணவருக்கு ஓ.டி. இருந்ததால் நான் மட்டும் பூசைக்குப் போனேன். சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்தது. எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புகிற நேரம். வழக்கமாகத் திரும்புவதுபோலத் திரும்பிவிட்டேன். பின்னால் கொத்தனாரின் மனைவி நின்றாள். அவர் வரவில்லை. அவள் இரண்டு கையையும் கூப்பி, முகம் மலர என்னைப் பார்த்து "சமாதானம்க்கா" என்றாள். அவள் மகள்கள் இருவரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். பதிலுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க மாடி வேல ஏதோ சரியா வர்லன்னு அவரு சொன்னாரு. அது இன்னா ஏதுன்னு எனுக்குத் தெரியாது. அதுலேர்ந்து அந்தப் பக்கம் யாருமே அவரக் கூப்புடறதில்லக்கா. இப்ப ஒரு குடோன்ல லோடிங்குக்குப் போறாரு, கான்ட்ராக்ட்ல. கொத்துக்கரண்டி புடிச்ச கைக்கா அது. வூட்டுக்கு வந்து பேசறதே இல்ல. உங்க கம்பெனில எதுனா வேல இருந்தா சொல்லி வுடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன். அங்கேயே காலில் விழுந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

சாயங்காலம் என் கணவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் நான் பகல்ல தண்ணி விடல. பின்னிக்கிட்டு இருந்தேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன், அவர்கிட்டயும் பொய் சொன்னேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மறுபடியும் பிரித்தார்.

"என் வாயால அவனத் திருடம்னு சொல்ல வச்சிட்டியே" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குரூப்புல நீதாம் போடணும். நான் போட்டா உன்னயக் காப்பாத்துதேன்னுதாம் நெனப்பாங்க" என்றார்.

போட்டேன். மாடி கெட்டது கொத்தனாரால் இல்லை, தண்ணீர் விடாத என்னால் என்று நான்கு வரி. அதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் கட்டை விரல் படம் போட்டார். யாரோ அதற்குக் கீழேயே காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூவைப் போட்டார்கள். அந்த மூன்று மாடிகளில் இரண்டு ஏற்கெனவே வேறு ஆளிடம் போய்விட்டிருந்தன. மூன்றாவது எங்கள் எதிர்வீடு. பார்க்கலாம் என்று மட்டும் எழுதினார் அந்த வீட்டுக்காரர்.

அடுத்த நாளே நாங்கள் இருவரும் பென்னலூருக்குப் போனோம். கொத்தனார் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும்கா" என்றார்.

"தெரியுமா?"

"புதன்கெழம உங்க எதிர்வூட்டு மாடிய அளக்க வந்தேன். அங்கேர்ந்து பாத்தா உங்க தளம் காஞ்சி வெளேர்னு கெடந்துச்சி. எறங்கி வந்து சன்னலாண்ட நின்னு, அக்கா தண்ணின்னு கொரல் குடுத்தேன். நீங்க பின்னிக்கினு இருந்தீங்க. தோ வரேன், இந்த வரிச முடியட்டும்னீங்க."

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. அவர் வந்ததும், கூப்பிட்டதும், நான் பதில் சொன்னதும் எதுவுமே இல்லை. தலை நிமிர்ந்திருந்தால்தானே நினைவிருக்கும்?

"பின்ன ஏம்பா நீ அன்னைக்கே சொல்லல?" என்று என் கணவர் கேட்டார்.

"சொல்லத்தான் சார் வாயத் தொறந்தேன். அக்கா அதுக்குள்ள மூணு வேளையும் வுட்டோம்னு சொல்லிட்டாங்க. வூட்டுக்காரம்மாவ நேருக்கு நேரா பொய் சொல்றீங்கன்னு எப்டி சார் சொல்றது? சொன்னாத்தான் நீங்க யாரு பேச்ச நம்பியிருப்பீங்க?"

கொத்தனாரின் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

மாடியை மறுபடியும் போட்டுத் தர முடியுமா என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கொத்தனார் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். "லீவு போட்டுட்டு வந்து போட்டுத் தரேன் சார். ஆனா ஒண்ணு. தண்ணிய நான்தான் வுடுவேன்" என்றார்.

பழைய தளத்தை முழுக்கக் கொத்தி எடுத்துப் புதிதாகப் போட்டார். பாத்தி கட்டினார். குடோனில் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். எனக்கும் அந்த வாரம் அதே ஷிப்ட்தான். காலை பத்து மணிக்கு ஒருமுறை, வேலைக்குப் போகும் வழியில் ஒருமுறை, ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒருமுறை சைக்கிளில் வந்தார். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. வெளிப்படியில் ஏறுகிற சத்தம் கேட்கும், பிறகு தலைக்கு மேலே தண்ணீர் விழுகிற சத்தம். நான் கீழே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீ போட்டுக் கொண்டுபோனேன். "இப்பதான் குடிச்சேன்கா" என்றார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். எதிர்வீட்டுக்காரர் அவர் மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் ஹோஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வேணாம்கா. எறங்கிப் போங்க."

"ஒரு வாளிதானேப்பா. நானும் ஊத்தறேன்."

"அவரு பாத்துக்கினு கீறாரு. நீங்க கை வச்சத அவரு பாக்கக் கூடாது" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். ஒரு வேலையை விளக்குகிற மாதிரிதான் சொன்னார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். தண்ணீர் தளும்பி என் புடவையெல்லாம் நனைந்தது.